ஃபெரட்டுக்குக் கருத்தடை: எந்த வயது சரி?

நம்பிக்கை: குட்டியிலேயே கருத்தடை செய்துவிட்டால் பிறகு கவலையே இல்லை.

உண்மை: அமெரிக்கக் கடைகளில் விற்கும் ஃபெரட் குட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஐந்தாறு வார வயதிலேயே பண்ணையில் அறுவை சிகிச்சை முடிந்துவிடுகிறது. பண்ணைக்கும் கடைக்கும் இது வசதி. குட்டியின் உடம்புக்கு அல்ல. விந்தகமும் சூலகமும் சுரக்கும் ஹார்மோன்கள்தான் மூளைக்குப் ‘போதும்’ என்று சொல்லி, பிட்யூட்டரி சுரப்பியை அடக்கி வைக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் பிட்யூட்டரியின் தூண்டல் ஹார்மோன் கட்டுப்பாடின்றி ஏறி, சிறுநீரகத்தை ஒட்டியிருக்கும் அட்ரினல் சுரப்பியை ஆண்டுக்கணக்கில் உசுப்புகிறது. சுரப்பி வீங்குகிறது, சிலவற்றில் கட்டியாகிறது. வாலில் தொடங்கி முடி கொட்டும். பெண்ணுக்குப் பிறப்புறுப்பு வீங்கும். ஆணுக்கு ப்ராஸ்டேட் பெருத்துச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். அது ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாத ஆபத்து.

நம்பிக்கை: ஒரு வயதுவரை பொறுத்துச் செய்தால் அந்த நோய் வராது.

உண்மை: தள்ளிப்போகும், அவ்வளவே. அட்ரினல் நோய் கண்ட ஃபெரட்டுகளை ஆராய்ந்து நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2000-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சீக்கிரம் அறுவை செய்தவற்றுக்குச் சீக்கிரமும், தாமதமாகச் செய்தவற்றுக்குத் தாமதமாகவும் நோய் வந்திருந்தது. அறுவைக்கும் நோய்க்கும் இடையே இடைவெளி ஏறத்தாழ மூன்றரை ஆண்டு.

நம்பிக்கை: அப்படியானால் ஒன்றுமே செய்யாமல் விட்டுவிடலாம்.

உண்மை: பெண் ஃபெரட்டை அப்படி விடுவது அதன் உயிரோடு விளையாடுவது. இணை சேர்ந்தால்தான் அதன் சூலகத்திலிருந்து முட்டை வெளியேறும். சேராவிட்டால், வசந்தத்தில் தொடங்கும் இணைசேரும் பருவம் மாதக்கணக்கில் நீளும். அத்தனை நாளும் ஊறும் ஈஸ்ட்ரோஜன் எலும்பு மஜ்ஜையை முடக்கிவிடும். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் சரியும். ஈறு வெளிறிச் சோர்ந்து கிடக்கும் நிலைக்கு வந்துவிட்டால் காப்பாற்றுவது கடினம்.

நம்பிக்கை: வாடை போக, ஆசனவாய்ச் சுரப்பியையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

உண்மை: வேண்டியதில்லை. அன்றாட வாடை தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலிருந்து வருகிறது. இனப்பெருக்க ஹார்மோன்கள் அடங்கினாலே அது வெகுவாகக் குறையும்.

ஆகவே, வயதை மட்டும் கேட்பது போதாது, முறையையும் கேட்க வேண்டும். தோலுக்கடியில் வைக்கும் டெஸ்லோரெலின் இம்ப்ளான்ட் பிட்யூட்டரியையே அடக்குவதால், கருத்தடையும் ஆகிறது, அட்ரினலும் உசுப்பப்படுவதில்லை. முதல் சில நாட்களில் பருவ அறிகுறிகள் கூடுவதுபோல் தெரியலாம், பிறகு அடங்கும். ஓராண்டோ அதற்கு மேலோ வேலை செய்யும். தீர்ந்ததும் மறுபடி வைக்க வேண்டும். ஐரோப்பாவில் பல மருத்துவர்கள் கத்திக்குப் பதிலாக இதைத்தான் முதலில் சொல்கிறார்கள். என் தீர்ப்பும் அதுவே.

உங்களிடம் இருப்பது கருத்தடையாகாத பெண் ஃபெரட் என்றால், முதல் வசந்தம் வருமுன் மருத்துவரிடம் முடிவெடுத்துவிடுங்கள். குட்டியிலேயே அறுவை செய்யப்பட்டது என்றால், முடி கொட்டும்வரை காத்திராமல் ஆண்டுதோறும் அட்ரினலைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.