பல் செட்டைக் கெடுக்கும் தண்ணீர்

"போட்டுப் பழகுங்க, தானா சரியாயிருமுங்க." கழற்றி மாட்டும் பல் செட் வாங்கியவர்களுக்குத் திருப்பூர்ப் பக்கம் கிடைக்கும் ஆறுதல் இது. பாதி உண்மை. புது செட் சில நாள் உறுத்தும், நாக்கு பழகிக்கொள்ளும். ஆனால் ஒரு பக்கம் கடித்தால் மறு பக்கம் தூக்குகிற செட் எத்தனை மாதம் போட்டாலும் படியாது. கம்பி பிடித்திருக்கும் நல்ல பல்லைத்தான் அது நாளடைவில் ஆட்டிவைக்கும். பழி லேப் மேல் விழும். பல நேரம் கோளாறு அதற்கும் முன்பே, அளவெடுத்து அச்சு ஊற்றும்போதே, தண்ணீரால் நடந்து முடிந்திருக்கும்.

அளவெடுக்கும் ஆல்ஜினேட் இந்த ஊருக்கு அன்னியமில்லை. பிரிண்டிங் பட்டறைகளில் ரியாக்டிவ் சாயத்தைப் பசையாக்கும் சோடியம் ஆல்ஜினேட்டும் இதே வகைச் சரக்குதான். மண்டபம், ராமேசுவரம் கடலோரப் பெண்கள் முங்கி எடுக்கும் கட்டக்கோரைப் பாசியிலிருந்து கிடைப்பது. மாவுப்பசை சாயத்தோடு வினைபுரிந்துவிடும், ஆல்ஜினேட் புரியாது என்பதால் துணிக்கு அது வந்தது. பல் மருத்துவத்தில் அது பரவியதற்கு இரண்டாம் உலகப்போர் ஒரு காரணம். அளவெடுப்பதற்கு ஜப்பானிலிருந்து வந்துகொண்டிருந்த அகர் அப்போது நின்றுபோனது.

வாயிலிருந்து எடுத்த ஆல்ஜினேட் அளவில் பெரும்பகுதி தண்ணீர்தான். வெளியே வைத்தால் நீரை விட்டுச் சுருங்கும். பனியன் துணிக்கு ஷ்ரிங்கேஜ் கணக்குப் போட்டு முன்கூட்டியே கூடுதலாக வெட்டுவதுபோல் இதற்குச் செய்ய முடியாது. சுருக்கம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்காது. "அப்பத் தண்ணியில போட்டு வெச்சா?" நீரை உறிஞ்சி உப்பும். ஈரத்துணியில் சுற்றி மறுநாள் ஊற்றலாம் என்பதும் தவறு. ஈரம் நிறைந்த மூடிய டப்பா சிறிது நேரம் தாங்கும், அவ்வளவே. எடுத்த பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் ஊற்றிவிட வேண்டும். அவிநாசியில் எடுத்த அளவை வண்டியில் கோவை லேபுக்கு அனுப்பி அங்கே ஊற்றச் சொன்னால், அந்தச் செட் சரியாக உட்காருவது அதிர்ஷ்டம்தான். கிளினிக்கிலேயே ஊற்றி, 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் பிரித்தெடுத்து, கெட்டியான அச்சை அனுப்புவதே முறை. ராத்திரி முழுக்க அப்படியே விட்டால் அச்சின் மேற்பரப்பு சுண்ணாம்பாய் உதிரும்.

"தண்ணி கொஞ்சம் தாராளமா விட்டாத்தான் குமிழி வராது" என்பது லேபுகளில் கேட்கும் வேதம். அச்சு ஊற்றும் பொடியான டென்டல் ஸ்டோன் 100 கிராம் இறுகி ஜிப்சமாவதற்கு வேண்டிய நீர் சுமார் 18.6 மில்லிதான். குழைந்து ஓடுவதற்காக மொத்தம் 30 மில்லிவரை சேர்க்கிறோம். கூடுதலாக நின்ற நீர் உலரும்போது ஓட்டைகளை விட்டுப்போகும், அச்சு வலுவிழக்கும். கம்பியைத் திரும்பத் திரும்ப மாட்டிப் பார்க்கையில் அச்சுப் பல் தேயும். தேய்ந்த பல்லுக்குச் சரியாக இருக்கும் கம்பி வாயிலிருக்கும் பல்லுக்குச் சரியாக இருக்குமா? குமிழியை ஓட்டுவதற்கு வைப்ரேட்டர் இருக்கிறது.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊரில் போர்த் தண்ணீரின் உப்பைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஆல்ஜினேட் இறுகுவதே கால்சியத்தால். கடின நீரில் அது முந்திக்கொள்ளும். மே மாதத்து மாடித் தொட்டித் தண்ணீர் இன்னும் மோசம்: 10 டிகிரி சூடு ஏறினால் இறுகும் நேரம் ஏறக்குறைய ஒரு நிமிடம் குறையும், வாய்க்குள் போகுமுன்னே ஆல்ஜினேட் இறுகத் தொடங்கிவிடும். காய்ச்சி வடித்த நீரை அளந்து, குளிர்ச்சியாக எடுப்பது பெரிய செலவில்லை. காய்ந்த அச்சைக் குழாயடியில் கழுவுவதும் கூடாது. ஜிப்சம் லிட்டருக்கு 2 கிராம் அளவுக்குக் கரையும். பழைய அச்சுத் துண்டுகளை ஊறவைத்து, ஏற்கெனவே ஜிப்சம் கரைந்து தெளிந்த நீரில் அலசலாம்.

இவ்வளவும் சரியாக நடந்தாலும் ஒரு நம்பிக்கை மிச்சமிருக்கிறது: ஒரே அளவு போதும் என்பது. பல் வரிசையின் கடைசியில் பல் இல்லாதவர்களை பல் மருத்துவர் எட்வர்ட் கென்னடி 1925இல் பல்லிழப்பை வகைப்படுத்தியபோது முதலிரண்டு வகுப்புகளில் வைத்தார். அவர்களுடைய செட் ஒரு முனையில் பல்லிலும் மறுமுனையில் ஈறிலும் தங்குகிறது. கடிக்கும்போது பல் மிகச் சிறிதே இறங்கும், ஈறு பல மடங்கு அமுங்கும். அதனால் கீழ்த்தாடைக்கு முதலில் உலோகச் சட்டத்தைச் செய்து, அதை வாயில் மாட்டி ஈறுக்குத் தனியாக அளவெடுத்து, அச்சின் பின்பகுதியை அறுத்துவிட்டுப் புதிதாக ஊற்றும் முறை உண்டு. ஷிப்ட்டுக்குப் பெர்மிஷன் போட்டுவிட்டு இன்னொரு தடவை வரச் சொல்கிறாரே என்று டாக்டர்மேல் சலித்துக்கொள்பவர்கள், அது எதற்கு என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.