செப்பேடும் குறுந்தகடும்

புத்தலப்பட்டிலிருந்து வடகிழக்கே செல்லும் நெடுஞ்சாலை திருப்பதியை அடைகிறது. அங்கிருந்து மலையேறினால் திருமலை. இசையைப் பாதுகாக்க மனிதர் மேற்கொண்ட முயற்சிகளுக்கு அம்மலை நல்ல சான்றாகும்.

தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503) தெலுங்கிலும் வடமொழியிலும் எண்ணற்ற பாடல்களை இயற்றினார். அவை செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலைக் கோயிலின் கல்லறை ஒன்றில் வைக்கப்பட்டன. பல நூற்றாண்டுகள் கடந்து, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்து பதிப்பிக்கத் தொடங்கினர். 12,000க்கும் மேற்பட்ட பாடல்கள் கிடைத்தன. ஒவ்வொரு பாடலுக்கும் இராகத்தின் பெயர் இருந்தது, சுரக்குறிப்பு இல்லை. செம்பு சொல்லைக் காத்தது, மெட்டைக் காக்கவில்லை. ஆகவே, இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி முதலியோர் அப்பாடல்கள் பலவற்றுக்குப் புதிதாக இசையமைத்தனர். மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி அவற்றுள் சிலவற்றைக் கற்று, திருமலை திருப்பதி தேவஸ்தானத்திற்காக இசைத்தட்டுகளில் பாடினார்.

இசைத்தட்டின் வரிப்பள்ளத்தில் ஊசி உராய்ந்தே ஒலி எழும். கேட்கக் கேட்கத் தட்டு தேயும். 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு இக்குறையை நீக்கியது. 12 செ.மீ. விட்டமுள்ள அத்தகட்டில், நொடிக்கு 44,100 முறை அளந்தெடுத்த ஒலி, நுண்ணிய பள்ளங்களாகப் பதிகிறது. அவற்றை லேசர் ஒளி தொடாமலே படிக்கிறது. ஏறத்தாழ 74 நிமிட இசை அதில் அடங்கும். இசைத்தட்டுக் கடைகளின் அடுக்குகளில் ஒலிநாடாக்களும், பின்னர்க் குறுந்தகடுகளும் இடம்பிடித்தன. இன்று பாடல்கள் கைப்பேசியில் ஒலிக்கின்றன, அக்கடைகள் அருகிவிட்டன.

செப்பேட்டைக் கண்ணாலேயே படிக்கலாம். குறுந்தகட்டைப் படிக்கக் கருவி வேண்டும். கருவி மறைந்தால் தகடு ஊமையாகிவிடும். எனினும், எழுத்துக்கு எட்டாத மெட்டையும் குரலையும் அது காக்கிறது. எனவே, எழுத்தும் வேண்டும், ஒலிப்பதிவும் வேண்டும். இவ்விரண்டையும்விட, கற்றுப் பாடும் மனிதர் வேண்டும். பாடுவோர் இருக்கும்வரை பாடல் அழியாது.

சொற்பொருள்

செப்பேடு – எழுத்துகள் பொறித்த செம்புத் தகடு
சுரக்குறிப்பு – மெட்டை எழுத்தில் காட்டும் குறிப்பு
அருகுதல் – குறைதல்

வினாக்கள்

1. செப்பேடுகள் எதைக் காத்தன? எதைக் காக்கவில்லை?
2. குறுந்தகடு இசைத்தட்டைப் போலத் தேயாதது ஏன்?
3. ‘கருவி மறைந்தால் தகடு ஊமையாகிவிடும்’ – விளக்குக.

செயல்பாடு

உம் வீட்டுப் பெரியோர் பாடும் தாலாட்டு ஒன்றைக் கேட்டு எழுதுக. அவர் குரலிலேயே பதிவு செய்க. பின்னர் நீயும் பாடிப் பழகுக.