எம்பரர் ஏஞ்சல் வாங்கும் முன் கொஞ்சம் கணக்கு

ஏஞ்சல் மீன்னு சொன்னவுடனே நம்மில் பலருக்கு கொளத்தூர் கடைகளில் பார்த்த, முக்கோண வடிவில் ஒல்லியாக நீந்தும் மீன்தான் ஞாபகம் வரும். அது அமேசான் பக்கத்து ஆற்று மீன், நன்னீர் வகை. இங்கே நான் பேசப்போவது கடல் ஏஞ்சல். பெயர் மட்டும்தான் ஒற்றுமை, குடும்பமே வேறு. கடல் ஏஞ்சல்களில் பெரிய வகைகளில் எல்லாரும் ஆசைப்படுவது எம்பரர் ஏஞ்சல், அறிவியல் பெயர் போமாகாந்தஸ் இம்பெரேட்டர். செங்கடலில் ஆரம்பித்து பசிபிக் தீவுகள் வரை பவளப்பாறைகளில் வாழ்கிறது. நம்ம மன்னார் வளைகுடாவிலும் உண்டு.

கடையில் உங்களை மயக்கப்போவது பெரும்பாலும் இதன் குட்டிதான். கருநீல உடம்பு, அதில் ஒன்றுக்குள் ஒன்றாக வெள்ளை வட்டங்கள், குளத்தில் கல் போட்ட மாதிரி. வளர்ந்த பிறகு அந்த வட்டங்களில் ஒன்றுகூட மிஞ்சாது. மஞ்சளும் நீலமுமாகக் கோடுகள், கண்ணுக்கு மேலே கறுப்பு முகமூடி. இரண்டும் ஒரே மீன்னு சொன்னா நம்பவே முடியாது. 1787இல் ப்ளாக் என்ற ஜெர்மன் மருத்துவர் பெரிய மீனுக்குப் பெயர் வைத்தார். குட்டியோ தனி இனம் என்று நினைக்கப்பட்டு, நிக்கோபார் தீவின் பெயரில் கொஞ்ச காலம் உலவியது.

பிரச்சினை ஆரம்பிப்பதும் இந்தக் குட்டியில்தான். 7 செ.மீ. குட்டியைக் காட்டி "ரெண்டடி டேங்க் போதும் தம்பி" என்று சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. ரெண்டடி டேங்க் என்றால் 60 செ.மீ. நீளம், வழக்கமாக 30 செ.மீ. அகலம். எம்பரர் 40 செ.மீ. வரை வளரும். அகலத்தைவிட நீளமான மீன் எப்படித் திரும்பும்? சரியாகப் பார்த்துக்கொண்டால் 15 வருஷத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். இப்போ உங்களுக்கு 21 என்றால் 36 வயசு வரைக்கும் கணக்கு வச்சுக்கோங்க. இடையில் எத்தனை வேலை, எத்தனை வாடகை வீடு!

இன்னொன்று. மண்டபத்தில் இருக்கும் சி.எம்.எஃப்.ஆர்.ஐ. கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்துவிட்டது. பெரிய ஏஞ்சல்களுக்கு அது அவ்வளவு சுலபமில்லை. அவை முட்டையைத் திறந்த நீரில் விட்டுவிடும், அது மிதந்தே போகும். பொரிக்கும் குஞ்சின் வாய்க்குள் போகிற அளவு நுண்ணிய உணவைத் தொடர்ந்து கொடுப்பது பெரிய தலைவலி. அதனால் கடையில் இருக்கும் எம்பரர் பெரும்பாலும் பவளப்பாறையிலிருந்து பிடித்து வந்ததுதான். உங்க டேங்கில் ஒன்று செத்தால் கடலில் ஒன்று குறைந்தது என்று அர்த்தம். இதனால்தான் இவ்வளவு கணக்குப் போடச் சொல்கிறேன்.

எடை

வளர்ந்த எம்பரருக்கு நான் குறைந்தபட்சம் என்று எடுத்துக்கொள்ளும் அளவு 180 x 60 x 60 செ.மீ., அதாவது 648 லிட்டர். கடல்நீரின் அடர்த்தி லிட்டருக்கு 1.025 கிலோ, எனவே தண்ணீர் மட்டும் 664 கிலோ. 12 மி.மீ. கண்ணாடி என்றால் அது ஒரு 120 கிலோ. கல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து 900 கிலோவைத் தொடும். டேங்க் நிற்கும் இடம் 1.08 சதுர மீட்டர்தான். ஆக சதுர மீட்டருக்கு 830 கிலோ.

சிவில் நண்பர்களுக்குத் தெரியும்: ஐ.எஸ். 875 இரண்டாம் பாகம் வீட்டு அறைகளுக்குச் சொல்லும் லைவ் லோடு சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், சுமார் 200 கிலோ. நாலு மடங்கு அதிகமா என்று பயந்துவிட வேண்டாம். அது அறை முழுக்கப் பரவிய சுமைக்கான எண். 10க்கு 12 அடி அறைக்கு மொத்தம் 2 டன்னுக்கு மேல் வரும். ஆனால் நம்ம டேங்க் ஒரே இடத்தில் உட்கார்ந்து அழுத்துகிறது. மாடியில் ஸ்லாபின் நடுவில் வைப்பது தப்பு. சுவரை ஒட்டி, பீமுக்குப் பக்கத்தில், அதுவும் யாராவது ஸ்ட்ரக்சுரல் தெரிந்தவர் பார்த்துச் சொன்ன பிறகு. தரைத்தளம் கிடைத்தால் இந்தப் பத்தியையே மறந்துவிடலாம்.

கண்ணாடிக்கு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் போதும். அடியில் அழுத்தம் சுமார் 6 கிலோபாஸ்கல், முன்பக்கக் கண்ணாடி மொத்தமாகத் தாங்குவது கிட்டத்தட்ட 330 கிலோ எடைக்குச் சமமான விசை. இந்த விசை உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 60 செ.மீ. உயரத்தை 75 ஆக்கினால் 56 சதவீதம் கூடும். மீனுக்குத் தேவை நீந்த நீளமும் திரும்ப அகலமும்தான். உயரமான டேங்க் பார்க்க அழகு, அவ்வளவுதான்.

உப்பு

லிட்டருக்கு 35 கிராம் என்ற கணக்கில் முதல் தடவையே கிட்டத்தட்ட 23 கிலோ உப்பு வேணும். சமையல் உப்பு ஆகாது. கடல்நீரில் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் எல்லாம் ஒரு விகிதத்தில் இருக்கின்றன. அக்வேரியத்துக்கென்று விற்கும் கலவைதான் வழி. கலக்க ஆர்.ஓ. தண்ணீர். போர் தண்ணீர் பக்கமே போகாதீங்க.

இங்கே எளிய மாஸ் பேலன்ஸ் ஒன்று. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. தினமும் 10 லிட்டர் குறைகிறது என்று வைப்போம். அந்தக் குறைவை உப்புத் தண்ணீரால் நிரப்பினால் நாளுக்கு 350 கிராம் உப்பு கூடுதலாகச் சேரும். 10 நாளில் 35 என்பது 40ஐத் தாண்டிவிடும். டேங்க் அதே மட்டத்தில், அதே தெளிவோடுதான் இருக்கும், மீன் மட்டும் மூச்சு வாங்கும். தினசரி குறைவுக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீர். உப்புத் தண்ணீர், ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை 100 லிட்டர் எடுத்துவிட்டு மாற்றும்போது மட்டும்.

தண்ணீர் தயாரானவுடனே மீனை விடக்கூடாது என்பது நன்னீர் மீன் வளர்த்தவர்களுக்கும் தெரியும். மீன் கழிவிலிருந்து அமோனியா, அதை ஒரு பாக்டீரியா கூட்டம் நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரேட் ஆக்கும். இந்தக் கூட்டங்கள் வளர 4 முதல் 6 வாரம் ஆகும். கடல் டேங்கில் இது ஏன் கூடுதல் ஆபத்து? அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும், அதில் அயனி ஆகாத வடிவம்தான் கொடிய விஷம். பிஎச் 1 ஏறினால் அதன் பங்கு கிட்டத்தட்ட 10 மடங்கு ஏறும். நன்னீர் டேங்க் 7 பக்கம், கடல் டேங்க் 8.2 பக்கம். டெஸ்ட் கிட்டில் அதே எண் காட்டினாலும் இங்கே விஷம் பல மடங்கு.

ஆக்சிஜனும் குறைவு. 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு சுமார் 8.2 மில்லிகிராம் பிடித்துவைக்கும், கடல்நீர் 6.7தான். வெப்பம் ஏறினால் இன்னும் குறையும். டேங்கை 25, 26 டிகிரியில் வைக்கணும், சென்னை மே மாதத்தில் அதற்கு சில்லர் தவிர வேற வழி இல்லை. ஃபேன் காற்று வாங்கி ஆறவைக்கும் வித்தை, காற்றே ஈரமாக இருக்கும் நம்ம ஊரில் பெரிதாக எடுபடாது. கரண்ட் போனால் சில்லரை விடுங்க, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றாவது கட்டாயம்.

கல் விஷயம். வெளிநாட்டு வீடியோக்களில் கடலிலிருந்து எடுத்த 'லைவ் ராக்' போடச் சொல்வார்கள். இங்கே கல் பவளங்கள் 2001இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, கிட்டத்தட்ட புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. யாராவது ராமேஸ்வரம் பக்கத்துக் கல் என்று ரகசியமாக நீட்டினால் வாங்காதீங்க. செராமிக் கல் போதும், பாக்டீரியாவுக்கு வேண்டியது ஓட்டைகளுள்ள பரப்பு, அவ்வளவே.

வெள்ளைப் புள்ளி

பெரிய ஏஞ்சல்கள் அதிகம் சாவது கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணியால். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவர்கள் இதை டெட் டைம் பிரச்சினை என்று பார்க்கலாம். உடம்பில் வெள்ளைப் புள்ளியாக 3 முதல் 7 நாள் இருக்கும். பிறகு உதிர்ந்து அடியில் கூடு கட்டி, உள்ளேயே பல மடங்கு பெருகி, சில நாளிலோ பல வாரம் கழித்தோ வெடித்து வெளியே வரும். தாமிர மருந்து கொல்வது அந்த நீந்தும் கட்டத்தை மட்டும்தான். தோலுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அது தொடாது. புள்ளி மறைந்ததும் குணமாகிவிட்டது என்று மருந்தை நிறுத்துகிறோம். அடுத்த அலை வருகிறது, இந்தத் தடவை நூற்றுக்கணக்கில்.

அதனால் மீன் நேராகப் பெரிய டேங்குக்குப் போகவே கூடாது. மணலோ கல்லோ இல்லாத, ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய் மட்டும் போட்ட தனி டேங்கில் 4 முதல் 6 வாரம். தாமிரம் தேவைப்பட்டால் அங்கேதான், அளவு பார்க்கும் கிட்டோடு. பெரிய டேங்கில் ஊற்றினால் இறால், நத்தை எல்லாம் சாகும், கல்லும் தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

எந்த மீனை எடுப்பது? என் தேர்வு 8 முதல் 12 செ.மீ. ரொம்பக் குட்டி பட்டினி தாங்காது, முழுசாக வளர்ந்தது தொட்டிச் சாப்பாட்டுக்குப் பழகாது. கடைக்காரரிடம் உங்க கண் முன்னாடி தீனி போடச் சொல்லுங்க. சாப்பிடாத மீனை எவ்வளவு விலை குறைத்தாலும் விட்டுடுங்க. கடலில் இதன் முக்கிய உணவு கடற்பஞ்சு. அதனால் கடற்பஞ்சு கலந்த உறைந்த தீனி, மைசிஸ் இறால், கடல்பாசித் தாள் என்று மாற்றி மாற்றி, தினம் ரெண்டு மூன்று வேளை கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு டேங்குக்கு ஒரு பெரிய ஏஞ்சல்தான். இரண்டாவதை விட்டால் சண்டையில் ஒன்றுதான் மிஞ்சும்.

இதெல்லாம் சரியாகப் போனால், நாலு டிபார்ட்மென்ட் சேர்ந்தாலும் தராத ஒரு காட்சி கிடைக்கும். ஒரே மாதிரி இருக்கும் செல்களில் கோடும் புள்ளியும் எப்படித் தானாக உருவாகலாம் என்று ஆலன் டூரிங் 1952இல் ஒரு கணிதக் கட்டுரை எழுதினார்: இரண்டு வேதிப்பொருட்கள், ஒன்றோடொன்று வினைபுரிந்து வேறு வேறு வேகத்தில் பரவினால் போதும். உயிருள்ள மிருகத்தில் அப்படி நடக்கிறதா என்று பலருக்கும் சந்தேகம் இருந்தது. 1995இல் கோண்டோ, அசாய் என்ற இரு ஜப்பானியர்கள் 'நேச்சர்' இதழில் காட்டியது இந்த எம்பரரைத்தான். மீன் வளரும்போது கோடுகள் அகலமாவதில்லை, எண்ணிக்கை கூடுகிறது. ஒரு கோடு ஓரிடத்தில் இரண்டாகக் கிளைக்கும், அந்தக் கிளைப்புள்ளி ஜிப்பைத் திறக்கிற மாதிரி உடம்பு நெடுக நகர்ந்துபோகும். டூரிங்கின் சமன்பாட்டைக் கம்ப்யூட்டரில் ஓட்டியபோதும் அதே நகர்வு வந்தது.

வட்டங்கள் மறைந்து கோடுகள் வந்த பிறகு மாதம் ஒருமுறை, அதே பக்கத்தை, அதே தூரத்திலிருந்து போட்டோ எடுத்து வைங்க. கிளைப்புள்ளி எங்கே இருக்கிறது என்று ஒரு அடையாளம் போடுங்க. இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்றாக இருக்காது, தனித்தனி ஃபோல்டர் வேணும்.