யார் போட்ட கட்டுப்பாடு?

பட்டர்வொர்த்

அன்பு மகளே,

நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். "சடங்கு முடிஞ்சதிலேருந்து சாயங்காலம் பூப்பந்து விளையாடப் போகக்கூடாதுங்கிறாங்க. அண்ணன் மட்டும் ராத்திரி பத்து மணி வரைக்கும் காற்பந்து விளையாடுறான். ஏன் பெரியம்மா?" என்று கேட்டிருந்தாய். கைப்பேசியில் இரண்டு வரி தட்டிவிட்டுப் போகிற கேள்வி இல்லை இது. அதனால்தான் கடிதம்.

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார். உன் உடம்பு செய்தது ஒன்று. அதை வைத்து வீட்டிலுள்ளவர்கள் எடுத்த முடிவு வேறொன்று. இரண்டையும் ஒரே மாலையாகத் தொடுத்து உன் கழுத்தில் போட்டுவிட்டோம். எது எந்த நூல் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

மாதவிடாய் உன் உடம்பின் வேலை. கருப்பையின் உட்சுவர் மாதாமாதம் தடித்து, கரு தங்காதபோது உதிர்ந்து வெளியேறுகிறது. அதில் அழுக்கும் இல்லை, தீட்டும் இல்லை. முதல் ஓரிரு ஆண்டுகளுக்கு நாள் முன்னே பின்னே வரும். 21 நாளிலும் வரலாம், 45 நாளும் ஆகலாம். வந்த தேதியை மட்டும் தவறாமல் குறித்து வை. நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை பேடை மாற்று. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேடு நனைந்தாலும், ஏழு நாளைத் தாண்டினாலும், வலி தாங்காமல் பள்ளிக்குப் போக முடியாவிட்டாலும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அரசாங்க கிளினிக்குக்குப் போ. "கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்" என்று யார் சொன்னாலும் அதை மருந்தாக எடுத்துக்கொள்ளாதே. படிவம் ஒன்றில் படிக்கும் 13 வயதுப் பெண்களுக்குப் பள்ளியிலேயே எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள். 2010 முதல் நம் மலேசியாவில் நடந்துவரும் திட்டம் இது. கருப்பைவாய்ப் புற்றுநோயிலிருந்து உன்னைக் காக்கும். சம்மதப் படிவம் வந்தால் புத்தகப்பைக்குள்ளேயே கசங்க விடாதே. அன்றைக்கே அப்பாவிடம் கையெழுத்து வாங்கு.

உடம்பின் கணக்கு இவ்வளவுதான். சாயங்காலம் வெளியே போகலாமா கூடாதா என்பதைப் பற்றி உன் உடம்பு ஒன்றும் சொல்லவில்லை. அது மனிதர்கள் போட்ட கட்டுப்பாடு. மனிதர்கள் போட்டதை மனிதர்களே மாற்றியும் இருக்கிறார்கள். அதற்குச் சாட்சி உன் வீட்டிலேயே இருக்கிறது, உன் பாட்டி.

இன்றைக்கு நீ பள்ளிப் பேருந்தில் கடந்து போகிற பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை ஒரு காலத்தில் நெல் வயல். 1969இல் ஜார்ஜ்டவுன் தீர்வையற்ற துறைமுக உரிமையை இழந்தது. வேலை இல்லாமல் ஊர் தவித்தது. அந்த ஆண்டு பினாங்கு முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூ வெளிநாட்டு ஆலைகளை அழைத்தார். 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்தது. இன்டெல், அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அதே ஆண்டு இங்கேதான் அமைத்தது. அந்த ஆலைகளுக்கு ஆயிரக்கணக்கில் ஆள் தேவைப்பட்டது. அவர்கள் கேட்டதோ இளம்பெண்களை. மலாய், சீன, தமிழ்ப் பெண்கள் கம்பங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் ஆலைப் பேருந்தில் வந்து இறங்கினார்கள்.

உன் பாட்டியும் அப்படி ஓர் ஆலையில் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்தவர்தான். தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியின் ஒரு நுனியை மின்னணுச் சில்லிலும் மறு நுனியை அதைத் தாங்கும் உலோகச் சட்டகத்திலும் ஒட்ட வேண்டும். கை நடுங்கினால் கம்பி அறுந்துவிடும். ஒரு சில்லு முடிந்ததும் அடுத்தது. ஷிப்டு முடியும்வரை கண்ணைத் தூக்க முடியாது. இரவு ஷிப்டும் உண்டு. இங்கேதான் நீ கவனிக்க வேண்டும். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவு, பெண்களை இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை ஆலையில் வேலை வாங்கக்கூடாது என்றது. ஆனால் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநரிடம் அனுமதி வாங்கினால் வாங்கலாம். ஆலைகள் அனுமதி வாங்கின. "விளக்கு வைத்த பிறகு பெண் வாசல் தாண்டக்கூடாது" என்றிருந்த வீடுகளிலிருந்து பெண்கள் நள்ளிரவில் பேருந்து ஏறினார்கள். ஊர் ஏளனம் பேசியது. சம்பள நாளில் அந்த வெள்ளியை வாங்கி அரிசியும் தம்பிகளுக்குப் பள்ளிச் சட்டையும் வாங்கிய வீடுகள் ஏளனத்தைப் பொறுத்துக்கொண்டன.

யோசித்துப் பார். ஆலைக்குத் தேவைப்பட்டபோதும் குடும்பத்துக்குப் பணம் வேண்டியிருந்தபோதும் அந்தக் கட்டுப்பாடு வளைந்து கொடுத்தது. ஒரு பெண்பிள்ளை தனக்காக ஒரு மணி நேரம் விளையாடக் கேட்டால் மட்டும் அது ஏன் இரும்பாகிவிடுகிறது? உன் கேள்விக்குள் இருக்கிற கேள்வி இதுதான்.

இன்னொன்றும் பாட்டியின் வாழ்க்கையிலிருந்து சொல்கிறேன். ஏன் பெண்களைக் கேட்டார்கள் தெரியுமா? அந்தக் காலத்தில் முதலீட்டாளர்களுக்காக மலேசியா வெளியிட்ட ஒரு விளம்பரக் கையேடு, கீழைநாட்டுப் பெண்ணின் கைநுணுக்கத்தைப் பெருமையாகப் பேசியது. சிறிய கை, வேகம், பொறுமை, எல்லாம் பிறவியிலேயே வந்தது என்ற பேச்சு. பிறவிக் குணம் என்று சொல்லிவிட்டால் திறமைக்குத் தனியாகச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை அல்லவா? உன் பாட்டிக்கு அந்த விரல் நுணுக்கம் பிறக்கும்போதே வரவில்லை. ஆறு வயதில் கோலம் போட்டு, பூத்தொடுத்து, தம்பிமார் விளையாடப் போன நேரத்தில் அரிசியில் கல் பொறுக்கி, கிழிந்த சட்டை தைத்துப் பழகியதால் வந்தது. பயிற்சியைக் குணம் என்றார்கள். குணம் என்றதும் விலை குறைந்தது.

உன்னையும் இனிமேல் நிறையப் பேர் பாராட்டுவார்கள். "எவ்வளவு பொறுமை, எவ்வளவு அடக்கம், சொன்னதைக் கேட்கிற பிள்ளை" என்பார்கள். பொறுமை நல்லதுதான். ஆனால் அந்தப் பாராட்டுக்குப் பின்னால் உன் தட்டோடு அண்ணன் தட்டும் வந்து சேர்கிறதா என்று பார். சேர்ந்தால், அவன் தட்டை அவன் கழுவட்டும் என்று மரியாதையாகச் சொல். அவனும் இந்த வீட்டுப் பிள்ளைதானே.

நம் பெண்கள் கேட்டுப் பெற்றதற்கு ஒரு வரலாறு உண்டு. 1943இல் நேதாஜி சிங்கப்பூரில் தொடங்கிய ஜான்சி ராணிப் படைக்குச் சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி தலைமை ஏற்றார். அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். பதினாறு வயதில் அதில் சேர்ந்த ராசம்மா பூபாலன் பிற்பாடு ஆசிரியரானார். ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஆனால் ஆசிரியைக்குக் குறைந்த சம்பளம் என்ற காலம் அது. ராசம்மா 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கி அதன் முதல் தலைவரானார். 1960களின் இறுதியில் அரசாங்க வேலையில் சம வேலைக்குச் சம ஊதியம் என்பது ஏற்கப்பட்டது. யாரும் மனம் இரங்கிக் கொடுத்த சலுகை இல்லை அது, ஆண்டுக்கணக்கில் வாதாடி வாங்கியது.

சட்டமும் அப்படியே நகர்ந்தது. 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதவர்களுக்குத் திருமண வயது 18 ஆனது. ஆனாலும் 16 வயதுப் பெண்ணுக்கு முதலமைச்சரின் சிறப்பு அனுமதியோடு மணம் முடிக்கலாம் என்ற ஓட்டை அதில் இருக்கிறது. அதைப் பெண்கள் அமைப்புகள் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கின்றன. 2001இல் அரசமைப்பின் 8ஆவது பிரிவில், பாலினத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு கூடாது என்று சேர்த்தார்கள். இரவு வேலைத் தடை 2023 தொடக்கத்தில் சட்டத்திலிருந்தே போனது. அன்றே பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று, தகப்பனுக்கும் 7 நாள் கிடைத்தது.

உன் அப்பாவையும் அம்மாவையும் எதிரியாக நினைக்காதே. இருட்டில் உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் பொய்யில்லை. ஆனால் தொல்லை கொடுப்பவன் வெளியே நடமாட, நீ உள்ளே இருப்பது எப்படித் தீர்வாகும்? எவனாவது பின்னால் வந்தாலோ, தொட்டாலோ, அசிங்கமாகப் பேசினாலோ தப்பு உன்னுடையது இல்லை. வீட்டில் உடனே சொல். சொல்ல முடியாத ஆள் என்றால் 15999 தாலியான் காசே உதவி எண்ணுக்குப் பேசு. பினாங்கிலேயே 1985 முதல் பெண்கள் மாற்றத்துக்கான மையம் இயங்குகிறது. தெரிந்து வைத்துக்கொள்.

பயத்துக்குப் பதில் சொல்லும்படி ஒரு ஏற்பாட்டோடு அப்பாவிடம் போ. எந்த மண்டபம், எந்தக் கிழமை, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று எழுதிக் காட்டு. அண்ணனுக்கும் அதே நேரக் கட்டுப்பாடு வேண்டும் என்று கேள். பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசு. நள்ளிரவுப் பேருந்தில் போய்வந்தவரை வைத்துக்கொண்டு அப்பா என்ன மறுப்பார் என்று பார்ப்போம்.

பெண்ணாக வளர்வது என்றால் புடவையும் உடம்பும் மட்டுமில்லை. உன்னைப் பற்றி எடுக்கப்படும் முடிவுகளில் உன் குரலும் சேர்ந்து வளர வேண்டும். அப்பா என்ன சொன்னார் என்று எழுது. ஒத்துக்கொள்ளாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பாலம் தாண்டி வந்து நானே பேசுகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா