அறிவியல் அறையின் நெறிகள்

நுழையும்முன்

பள்ளியின் அறிவியல் அறைச் சுவரில் விதிகள் எழுதிய பலகை ஒன்று தொங்குவது வழக்கம். இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்ட அவ்விதிகளை மாணவர்கள் நாள்தோறும் காண்கின்றனர். 'ஓடாதே', 'தொடாதே', 'சுவைக்காதே' என்று அவை கட்டளையிடுகின்றன. ஏன் ஓடக்கூடாது, ஏன் தொடக்கூடாது என்பதை விளக்கப் பலகையில் இடம் போதாது. அக்காரணங்களைத் தாய்மொழியில் அறிந்து தெளிவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

விதியும் வழக்கமும்

சாலையைக் கடக்குமுன் இருபுறமும் பார்க்க வேண்டும் என்பது விதி. நாள்தோறும் அவ்வாறே கடப்பவருக்கு, சாலையோரம் வந்ததும் தலை தானாகவே திரும்பும், அது வழக்கம். விதி அறிவுக்குச் சொல்லப்படுவது. வழக்கம் உடலில் ஊறிப்போனது. ஆபத்து நேரும் நொடியில் விதியை நினைவுகூர நேரம் இராது. அப்போது காப்பது வழக்கமே.

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மூன்று ஆண்டுகளில்தான் மாணவர் பலர் முதன்முறையாகக் கண்ணாடிக் கருவிகளையும் சுடரையும் கையாளுகின்றனர். நல்ல வழக்கங்கள் வேரூன்ற வேண்டிய காலமும் அதுவே.

அறைக்குள் நுழையும்போது

அறிவியல் அறைக்குள் நடந்தே செல்ல வேண்டும். புத்தகப் பைகளை நடைபாதையில் வைத்தலாகாது. ஒருவர் கையில் வெந்நீர் நிறைந்த முகவையுடன் வரும்போது அவர் கண்கள் முகவையின் மீதே இருக்கும். காலடியில் கிடக்கும் பை அவருக்குத் தெரியாது. நீண்ட கூந்தலைப் பின்னி முடிதலும், தொங்கும் துப்பட்டாவைச் செருகிக்கொள்ளுதலும் சுடரிலிருந்து காப்பவை.

ஆசிரியர் செய்முறையை முழுமையாகச் சொல்லி முடிக்கும்வரை எக்கருவியையும் தொடலாகாது. பாதி கேட்டுத் தொடங்கியவர் மீதிப் பாதியைத் தவறாகவே செய்வார்.

நால்வர் கொண்ட குழுவில் ஒருவர் கருவிகளைக் கொணர்வார், ஒருவர் ஆய்வைச் செய்வார், ஒருவர் குறிப்பெழுதுவார், ஒருவர் இடத்தைத் தூய்மை செய்வார். இப்பொறுப்புகள் வாரந்தோறும் மாற வேண்டும். மாறாவிடில் ஒருவர் ஆண்டு முழுவதும் எழுதிக்கொண்டே இருப்பார். சோதனைக்குழாயை ஏந்தும் வாய்ப்பு அவருக்குக் கிட்டாது.

சுடரும் கண்ணாடியும்

சாராய விளக்கை வாயால் ஊதி அணைத்தலாகாது. மூடியால் மூடியே அணைக்க வேண்டும். ஊதும்போது சுடர் விளக்கின் உள்ளே தள்ளப்பட்டு, அங்குள்ள சாராய ஆவி தீப்பற்றக்கூடும். மூடினால் காற்று தடைபட்டுச் சுடர் தானே அணையும். எரியும் விளக்கைச் சாய்த்து மற்றொரு விளக்கை ஏற்றுவதும் தீங்கானது. சாராயம் வழிந்து மேசையெங்கும் தீ பரவும்.

சோதனைக்குழாயைச் சூடாக்கும்போது அதன் வாய் எவர் முகத்தையும் நோக்கி இருத்தல் கூடாது. குழாயின் அடியில் திடீரென உருவாகும் நீராவி, மேலுள்ள நீர்மத்தை வெளியே பீறிட்டடிக்கச் செய்யும். கண்ணில் கொதிநீர் பட்ட பிறகு வருந்திப் பயன் என்ன? கண் கெட்ட பிறகு சூரிய வணக்கம் என்னும் பழமொழி இங்கு முற்றிலும் பொருந்தும்.

கண்ணாடிக்கு மற்றோர் இயல்பும் உண்டு. சுடும் கண்ணாடியும் குளிர்ந்த கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆதலால் சூடாக்கிய கருவியை இடுக்கியால் எடுக்க வேண்டும். உடைந்த கண்ணாடித் துண்டுகளைக் கையால் பொறுக்காமல் துடைப்பத்தாலும் முறத்தாலும் அள்ள வேண்டும்.

நீரில் அமிலம்

அடர் அமிலத்தை மாணவர் கையாளுதல் கூடாது. அது ஆசிரியரின் பணி. எனினும் ஆசிரியர் அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது உற்று நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். அவர் முகவையில் முதலில் நீரை எடுப்பார்; பின்னர் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குவார். ஒருபோதும் அமிலத்தில் நீரை ஊற்றமாட்டார்.

அடர் கந்தக அமிலம் நீருடன் கலக்கும்போது மிகுந்த வெப்பம் வெளிப்படும். அவ்வமிலம் நீரைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு அடர்த்தி உடையது. அதன்மேல் நீரை ஊற்றினால் நீர் மேலேயே தங்கி, அந்த வெப்பத்தில் கொதித்து, அமிலத்துளிகளைச் சுற்றிலும் தெறிக்கச் செய்யும். நீரில் அமிலத்தை ஊற்றினால் அமிலம் கீழே இறங்கி நீருடன் கலக்கும். வெப்பம் நீர் முழுவதும் பரவித் தணியும். இரண்டு சொற்களின் வரிசையே இங்குக் கண்களைக் காக்கிறது: 'நீரில் அமிலம்'.

நாவும் கையும்

அறிவியல் அறையில் எப்பொருளையும் சுவைத்தலாகாது. மணத்தை அறிய வேண்டுமெனில், கலத்தின் வாயிலிருந்து காற்றைக் கையால் மெல்ல விசிறி முகர வேண்டும். வெளியேறுமுன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

1879ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கான்ஸ்டன்டின் பால்பெர்க் என்னும் வேதியியலார், ஆய்வகப் பணி முடிந்து உணவு உண்ண அமர்ந்தார். கையைச் சரிவரக் கழுவவில்லை. ரொட்டி வழக்கத்திற்கு மாறாக இனித்தது. அவர் கையில் ஒட்டியிருந்த அப்பொருளே பின்னர்ச் சாக்கரின் என்னும் செயற்கை இனிப்பாயிற்று. அவர் கையில் இனிப்பு ஒட்டியிருந்தது நற்பேறு. நஞ்சு ஒட்டியிருந்தால் அக்கண்டுபிடிப்பைச் சொல்ல அவர் இருந்திருக்கமாட்டார். நற்பேற்றை நம்பி எவரும் விதி வகுப்பதில்லை.

மஞ்சள் தாள் சொன்ன செய்தி

ஏழாம் வகுப்புக் குழு ஒன்று, மஞ்சள்தூள் தடவிய தாளைக்கொண்டு மூன்று நீர்மங்களை ஆராய்வதாகக் கொள்வோம். சோப்புக் கரைசல் காரத்தன்மை உடையது. ஆகவே மஞ்சள் தாள் சிவக்கும். எலுமிச்சைச் சாற்றிலும் சர்க்கரைக் கரைசலிலும் தாள் நிறம் மாறாது. ஆனால் இக்குழுவின் தாள் சர்க்கரைக் கரைசல் பட்டதும் சிவந்துவிட்டது. அடுத்த மேசைகளில் எவருக்கும் அவ்வாறு நிகழவில்லை.

குறிப்பெழுதும் மாணவியின் முன் இப்போது இரண்டு வழிகள் உள்ளன. அடுத்த மேசையைப் பார்த்து 'மாற்றமில்லை' என்று எழுதலாம். முழு மதிப்பெண் கிடைக்கும். கண்டவாறே 'சிவந்தது' என்று எழுதலாம்; பிறர் நகைக்கக்கூடும். அவள் 'சிவந்தது' என்றே எழுதுகிறாள்.

குழுவினர் மறுமுறை ஆராய்கின்றனர். இம்முறை சொட்டுக்குழாயை நன்கு கழுவிய பின் சர்க்கரைக் கரைசலை எடுக்கின்றனர். தாள் சிவக்கவில்லை. முன்பு சோப்புக் கரைசலை எடுத்த அதே சொட்டுக்குழாயைக் கழுவாமல் பயன்படுத்தியதே காரணம் என்பது வெளிப்படுகிறது. 'ஒவ்வொரு முறையும் சொட்டுக்குழாயைக் கழுவுக' என்னும் விதியின் பொருளை அக்குழு இனி மறவாது. 'மாற்றமில்லை' என்று எழுதியிருந்தால், மதிப்பெண் கிடைத்திருக்கும், அறிவு கிடைத்திராது.

கொல்கத்தாவில் கண்ட மங்கிய ஒளி

இவ்வழக்கத்தின் பெருமையை இந்திய அறிவியல் வரலாறும் காட்டுகிறது. திருச்சிராப்பள்ளியில் 1888ஆம் ஆண்டு பிறந்தவர் சர் சி. வி. இராமன். 1907ஆம் ஆண்டில் நிதித்துறை அலுவலராகப் பணியேற்றுக் கொல்கத்தாவிற்குச் சென்றார். பணியின் பொருட்டு ஊர்விட்டு ஊர் சென்ற தமிழருள் அவரும் ஒருவர். அலுவல் நேரம் போக எஞ்சிய நேரத்தில் அந்நகரின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழக ஆய்வகத்தில் உழைத்தார்.

1923ஆம் ஆண்டில் அவருடன் பணியாற்றிய கே. ஆர். இராமநாதன், நீரில் சிதறும் ஒளியை ஆராய்ந்தபோது, எதிர்பாராத மங்கிய ஒளி ஒன்றைக் கண்டார். நீரில் கலந்த மாசே காரணமாக இருக்கலாம் என்று முதலில் கருதப்பட்டது. நீரைத் தூய்மையாக்கி மீண்டும் ஆராய்ந்தனர், ஒளி மறையவில்லை. மறையாத அவ்வொளியைப் பொருட்படுத்தாது விட்டுவிடாமல் அவர்கள் குறித்துவைத்தனர். பின்னர் இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் ஏறத்தாழ 60 நீர்மங்களை ஆராய்ந்து, அனைத்திலும் அவ்விளைவு இருப்பதைக் கண்டனர். 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் உறுதிப்பட்ட இது 'இராமன் விளைவு' எனப்படுகிறது. 1930ஆம் ஆண்டில் இராமன் நோபல் பரிசு பெற்றார். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

மாணவியின் சிவந்த தாளுக்குக் காரணம் மாசு. இராமநாதன் கண்ட ஒளிக்குக் காரணம் மாசு அன்று. இரண்டையும் பிரித்தறிய உதவிய வழக்கம் ஒன்றே: கண்டதைக் கண்டவாறே எழுதி, மீண்டும் ஆராய்தல்.

தவறு நேர்ந்தால்

எத்துணை விழிப்புடன் இருப்பினும் சில வேளைகளில் தவறு நேரும். அப்போது முதற்கடமை ஆசிரியரிடம் உடனே சொல்வதாகும். சுட்ட இடத்தைக் குளிர்ந்த குழாய்நீரில் சுமார் 20 நிமிடம் காட்ட வேண்டும். பற்பசையோ மஞ்சளோ பூசலாகாது. கண்ணில் வேதிப்பொருள் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் தூய நீரால் கழுவி, மருத்துவரிடம் செல்ல வேண்டும். இவை அனைத்தும் உடனே செய்தால்தான் பயன் தரும். 'திட்டுவார்களோ' என்று அஞ்சி மறைத்த ஐந்து நிமிடம், ஆறக்கூடிய புண்ணை ஆறாத வடுவாக்கிவிடும்.

ஆகவே நல்ல வகுப்பில் எழுதப்படாத நெறி ஒன்று உண்டு: தவறைச் சொன்னவரை எவரும் நகைப்பதில்லை. முகவையை உடைத்தவர் 'உடைத்துவிட்டேன்' என்கிறார். தாள் சிவக்கக் கண்டவர் 'சிவந்தது' என எழுதுகிறார். நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே சொல்லும் துணிவு இருவருக்கும் பொது. அத்துணிவு உடலையும் காக்கிறது, உண்மையையும் காக்கிறது.

சொல்லும் பொருளும்

முகவை – நீர்மம் எடுக்க உதவும் அகன்ற வாய்க் கண்ணாடிக் கலம். 'முகத்தல்' என்றால் நீரை மொண்டு எடுத்தல்.
நீர்மம் – நீர்போல் ஓடும் தன்மையுடைய பொருள்
இடுக்கி – சூடான பொருளைப் பற்றி எடுக்கும் கருவி
நிறங்காட்டி – அமிலம், காரம் ஆகியவற்றை நிறமாற்றத்தால் காட்டும் பொருள்
உற்றுநோக்கல் – கருத்தூன்றிப் பார்த்தல்
நற்பேறு – நல்வாய்ப்பு

பயிற்சி

1. பிரித்து எழுதுக: நிறங்காட்டி, முதற்கடமை, கண்ணாடிக்கலம்.

2. எதிர்மறைக் கட்டளையை உடன்பாடாக மாற்றுக.
எடுத்துக்காட்டு: ஓடாதே – நடந்து செல்.
(அ) விளக்கை ஊதி அணைக்காதே. (ஆ) கண்ணாடித் துண்டுகளைக் கையால் பொறுக்காதே. (இ) தவறை மறைக்காதே.

3. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
(அ) விதிக்கும் வழக்கத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
(ஆ) குழுவின் பொறுப்புகள் ஏன் வாரந்தோறும் மாற வேண்டும்?
(இ) அமிலத்தில் நீரை ஊற்றினால் என்ன நிகழும்?

4. சிந்தித்து எழுதுக: குறிப்பெழுதிய மாணவியின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்? ஏன்?

5. செயல்பாடு: உங்கள் பள்ளி அறிவியல் அறைப் பலகையில் உள்ள ஐந்து விதிகளைத் தமிழில் எழுதுக. ஒவ்வொன்றின் எதிரிலும் அதற்குரிய காரணத்தை எழுதி, வீட்டில் பெற்றோருக்குப் படித்துக் காட்டுக. வீட்டுச் சமையலறைக்கும் பொருந்தும் விதிகள் எவை என்று அவர்களிடம் கேட்டறிக.