நண்பரை இழந்தோர் கற்கும் பாடம்



நாம் போற்றும் நண்பர் ஒருவர் எதிர்பாராது மறைந்துவிட்டால், எஞ்சியிருப்போர் செய்யத்தக்கது யாது? இவ்வினாவை உண்மை நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டு ஆராய்வோம்.

நிகழ்ச்சி

பால் வாக்கர் என்பவர் அமெரிக்கத் திரைப்பட நடிகர். கார்களின் வேகத்தைக் காட்டும் 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' படவரிசையால் புகழ்பெற்றவர். 2010இல் ஹைட்டி நாடு நிலநடுக்கத்தால் சிதைந்தபோது, துயர்துடைப்பு அமைப்பு ஒன்றை நிறுவினார். 2013 நவம்பர் 30ஆம் நாள், பிலிப்பைன்ஸ் நாட்டில் புயலால் துன்புற்றோருக்கு உதவும் பொருட்டு, அவ்வமைப்பு கலிஃபோர்னியாவில் ஒரு நிகழ்ச்சியை நடத்தியது. அன்று பிற்பகல், தம் நண்பர் ஓட்டிய போர்ஷே கரேரா ஜி.டி. என்னும் விரைவுக் காரில் வாக்கர் அமர்ந்து சென்றார். சிறிது தொலைவிலேயே கார் கம்பத்திலும் மரங்களிலும் மோதித் தீப்பற்றியது. இருவரும் மாண்டனர். வாக்கருக்கு அப்போது வயது 40.

காரணம்

ஓட்டியவர் பந்தயப் பயிற்சி உடையவர், மது அருந்தியிருக்கவில்லை. எனினும், மணிக்கு 72 கிலோமீட்டர் வரம்புள்ள சாலையில் கார் 130 முதல் 150 கிலோமீட்டர் வேகத்தில் சென்றதென்றும், அதன் டயர்கள் ஒன்பது ஆண்டுப் பழமை உடையனவென்றும் புலனாய்வாளர் 2014இல் அறிவித்தனர். வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்மடங்காகும். ஓட்டுநரின் திறமையோ, உடன் செல்வோரின் நற்குணமோ இக்கணக்கை மாற்றுவதில்லை.

எஞ்சியோர் செய்தவை

முடிவுறாதிருந்த படத்தை வாக்கரின் தம்பியர் இருவரின் துணையுடன் படக்குழுவினர் நிறைவு செய்தனர். அது 2015இல் வெளிவந்தது. உடன் நடித்த வின் டீசல், அவ்வாண்டு பிறந்த தம் மகளுக்குப் பாலின் எனப் பெயரிட்டார். வாக்கரின் மகள் மெடோ, தந்தையின் பெயரால் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். 2021இல் மெடோவின் திருமணத்தில், தந்தையின் இடத்தில் நின்று மணமகளை அழைத்துச் சென்றவர் வின் டீசலே.

படிப்பினை

அழுவது இயல்பு; அதனை இகழ்தல் வேண்டா. ஆயின் நட்பின் கடமை அழுகையோடு முடிவதன்று. நண்பர் விட்டுச்சென்ற பணியையும் மக்களையும் ஏற்றுக்கொள்வதே மெய்யான நினைவுச்சின்னம்.

மற்றொரு கடமையும் உண்டு. அது இழப்பிற்கு முன்பே செய்யத்தக்கது. ஒருவரை மிகவும் வியப்போமாயின், அவர் தவறும்போது இடித்துரைக்க நா எழுவதில்லை. "சற்று மெதுவாகச் செல்லுங்கள்" என்னும் சொல் அப்போதைக்குக் கசக்கலாம். சொல்லாது விட்டதன் கசப்போ வாழ்நாள் முழுதும் நீங்காது.

இல்லத்தில் சிந்திக்க

1. நம் வீட்டு வாகனங்களின் டயர்கள் எத்தனை ஆண்டுப் பழமையானவை?
2. வேகமாகச் செல்லும் நண்பரை அவர் மனம் நோகாமல் தடுப்பது எவ்வாறு?
3. மறைந்த ஒருவரின் எந்தப் பணியை நாம் தொடரலாம்?

பெரியோரும் பிள்ளைகளும் ஒருங்கே அமர்ந்து இவற்றிற்கு விடை காண்பார்களாக.