மாமாவின் அச்சகத்துக் கணினிகள்

அன்புள்ள தம்பி,

டன்லப் ஸ்திரீட் அச்சகத்துக் கணினிகளில் உள்ள மென்பொருள்களுக்கெல்லாம் முறையான உரிமம் இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பை மாமா உன்னிடம் கொடுத்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. "பையன்கள் எதையாவது போட்டிருந்தால் அதற்கு நானா பொறுப்பு?" என்று அவர் கேட்டதாக எழுதியிருந்தாய். அவர்தான் பொறுப்பு. 2023இல் நம் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் இன்சைன் என்ற நிறுவனத்தின் வழக்கில் அப்படித்தான் தீர்ப்பளித்தது. அங்கே சும்மா கிடந்த ஒரு மடிக்கணினியில் ஊழியர் ஒருவர் சீமென்ஸின் வடிவமைப்பு மென்பொருளை உரிமமில்லாமல் ஏற்றியிருந்தார். நிர்வாகத்துக்கு அது தெரியாது. இருந்தும் நிறுவனம் 30,574 வெள்ளி இழப்பீடு கட்ட வேண்டியதாயிற்று.

தெரிந்தே செய்தால் அது குற்றவழக்காகும். 2005 முதல் சட்டம் அப்படி. மறு ஆண்டே உள்ளலங்கார நிறுவனம் ஒன்றுக்கு 30,000 வெள்ளி அபராதம் விதித்தார்கள்.

இன்சைன் வழக்கில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது அந்த ஊழியரைப் பற்றித்தான். மென்பொருளைப் பழகிக்கொள்ளத்தான் அவர் அதை ஏற்றினார். எந்தக் கடையிலும் திருட்டு நகல் ஒரு தேவையின் வழியாகத்தான் உள்ளே வருகிறது. அதனால் முதல் நாளே யாரையும் குற்றவாளிபோல் நிற்கவைத்து விசாரிக்காதே. "இதை வைத்து என்ன வேலை செய்கிறீர்கள் அண்ணே?" என்று கேள். பயந்தால் மறைத்துவிடுவார்கள், உன் பட்டியலும் பொய்யாகிவிடும்.

ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து, என்ன மென்பொருள், எந்தப் பதிப்பு, யார் பயன்படுத்துகிறார், ரசீது எங்கே என்று எழுது. காசு கொடுத்து வாங்கியது என்பதால் மட்டும் தாண்டிப் போய்விடாதே. வீட்டுக்கும் மாணவருக்குமென்று விற்ற ஆபீஸ் தொகுப்பைக் கடைக்கணக்குக்குப் பயன்படுத்த அதன் உரிமம் இடம் தராது. ஒருவர் பெயரில் எடுத்த அடோபி சந்தாவை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளவும் முடியாது. வருமான வரிக்காக ரசீதுகளை 5 ஆண்டு வைத்திருக்கிறோம். மென்பொருள் ரசீதையோ, அது கடையில் ஓடும் வரைக்கும் வைத்திரு.

அச்சகத்தில் எல்லாரும் மறந்துபோவது எழுத்துருவை. அதுவும் மென்பொருள்தான். கல்யாணப் பத்திரிகைக்கென்று பென்டிரைவில் கைமாறி வந்த தமிழ் எழுத்துருக்கள் உங்கள் கணினிகளில் எத்தனை இருக்குமோ! அவற்றை வடிவமைத்தவர்களும் பெரும்பாலும் நம்மைப்போலச் சிறிய சந்தையை நம்பிப் பிழைத்த தமிழர்கள்தாம். நம் மொழிக்கு எழுத்து வரைந்தவருக்கு நம் அச்சகமே கூலி தரவில்லையென்றால் வேறு யார் தருவார்கள்? ஆனால் அவசரப்பட்டு எதையும் நீக்கிவிடாதே. பழைய கோப்புகள் யூனிகோடுக்கு முந்திய குறியீடுகளில் இருக்கும். எழுத்துருவை எடுத்த மறுநிமிடம் மணமக்கள் பெயரெல்லாம் புரியாத குறிகளாகிவிடும். மறுபடி தேவைப்படும் கோப்புகளை முதலில் யூனிகோடுக்கு மாற்று. பிறகு, பிடித்த எழுத்துருவுக்கு உரிமம் வாங்கு, இல்லையென்றால் நோட்டோ சான்ஸ் தமிழ்போல வணிகத்துக்கும் இலவசமாகக் கிடைப்பதைப் பயன்படுத்து.

எல்லாவற்றையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. முன்மேசையில் விலைப்பட்டியல் அடிக்க லிப்ரே ஆபீஸ் போதும். படத்தைச் சிறிதாக்க மட்டும் போட்டோஷாப் வைத்திருப்பவருக்கு கிம்ப் போதும். வடிவமைப்பாளர் அண்ணனுக்கு மட்டும் அவர் கைபழகிய மென்பொருளை வாங்கிக் கொடுக்கச் சொல். பத்திரிகை வேலை குவியும் மாதத்தில் அவரைப் புதியதில் தடுமாறவிடக்கூடாது.

செலவை நினைத்து மாமா தயங்கினால், உற்பத்தித்திறன் தீர்வுகள் மானியம் பற்றிச் சொல். அங்கீகரிக்கப்பட்ட கணக்கு, சரக்கு மென்பொருள் தொகுப்புகளுக்குத் தகுதியுள்ள சிறு நிறுவனங்கள் பாதிச் செலவுவரை பெறலாம். கடைக்குப் பொருந்துவது எது என்று பட்டியலில் பார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கும் முன்பணம் கட்டுவதற்கும் முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். விற்பனையாளர் அவசரப்படுத்தினாலும் மாமாவைப் பொறுத்திருக்கச் சொல்.

அன்புடன்,
அக்கா